படிக்க வைக்க ஒரு தொகை இருக்கிறது: எப்படிக் கொடுப்பது?

பழைய மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு தொகை திரட்டுகிறார்கள். இன்னொரு வீட்டில், மறைந்த அம்மாவின் பெயரில் யாரையாவது படிக்க வைக்கலாம் என்று பிள்ளைகள் முடிவெடுக்கிறார்கள். பணம் கையில் இருக்கிறது, மனமும் இருக்கிறது. அதற்கு மேல்தான் பேச்சு சிக்கிக்கொள்கிறது. நன்றாகப் படிக்கிறவருக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்பார் ஒருவர். கஷ்டப்படுகிற பிள்ளைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பார் அடுத்தவர். சும்மா கொடுத்தால் அருமை தெரியாது, வட்டியில்லாக் கடனாகக் கொடுப்போம், திரும்பி வருகிற பணம் இன்னொருவருக்கு ஆகும் என்பார் மூன்றாமவர். மூவர் பேச்சிலும் நியாயம் இருப்பதால் கூட்டம் முடிவில்லாமல் கலைகிறது.

இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் பலர். கல்லூரியில் பல வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன், இப்படிப்பட்ட நிதிக்குழுக்களிலும் இருந்திருக்கிறேன். ஆனால் என் அனுபவத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்ல விருப்பமில்லை. கல்லூரிக்கு யார் வந்து சேர்கிறார்கள், யார் முடித்துப் போகிறார்கள், உதவித்தொகை அதில் என்ன மாற்றம் செய்கிறது என்பதைப் பற்றி நல்ல ஆய்வுகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்தவை. அங்கே பல உதவித் திட்டங்களைக் குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே மாதிரியான மாணவர்களில் சீட்டு விழுந்தவர்களையும் விழாதவர்களையும் சில வருடம் கழித்து ஒப்பிட்டால், பணம் செய்த வேலை எவ்வளவு என்று தெரிந்துவிடும். தொகையும் சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். மாணவர்கள் தடுக்கி விழும் இடங்கள் அவ்வளவாக மாறுவதில்லை.

## எதை வைத்து அளப்பது

வழிகளைப் பார்க்கும் முன் அளவுகோலைப் பேசி முடித்துவிடுங்கள். குழுவில் சண்டை வருவது பெரும்பாலும் ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருப்பதால்தான்.

முதல் கேள்வி, எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: இந்தப் பணம் இல்லாவிட்டால் இந்த மாணவருக்கு என்ன ஆகியிருக்கும்? எப்படியும் படித்து முடித்திருப்பார் என்றால், நாம் கொடுத்தது வாழ்த்து. அதில் தவறில்லை, ஆனால் அதை உதவி என்று கணக்கில் எழுதக் கூடாது.

இரண்டாவது, சேர்வதற்கு உதவுகிறோமா, முடிப்பதற்கு உதவுகிறோமா? பாதியில் நின்றவருக்குப் பட்டமும் இல்லை, செலவழித்த வருடங்களும் திரும்பாது. கடன் வாங்கியிருந்தால் அது மட்டும் மிஞ்சும்.

மூன்றாவது, பணம் எவ்வளவு உறுதியாக, எந்தத் தேதியில் கைக்கு வரும்? நான்காவது, மறைவான செலவு யார் தலையில் விழுகிறது? விண்ணப்பம் நிரப்பும் மாணவர் தலையிலா, சான்றிதழ் தேடி அலையும் பெற்றோர் தலையிலா, பொறுப்பைத் தூக்கிச் சுமக்கும் ஆசிரியர் தலையிலா? ஐந்தாவது, நம் தொகை எத்தனை வருடம் தாங்கும்?

சரி, வழிகளுக்கு வருவோம்.

## முதல் வழி: மதிப்பெண்ணுக்குப் பரிசு

நடத்துவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. பட்டியலை வாங்கினால் போதும், முதலிடத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். யாரும் பாரபட்சம் என்று சொல்ல முடியாது. மேடையில் கொடுக்கலாம், கொடுத்தவர் பெயரும் நிலைக்கும். பெரும்பாலான குழுக்கள் இங்கேயே நின்றுவிடுவதற்கு இந்தச் சுலபம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

முதல் கேள்வியை வைத்துப் பாருங்கள். முதலிடம் எடுத்தவர் இந்தப் பணம் இல்லாவிட்டாலும் கல்லூரிக்குப் போயிருப்பாரா? பெரும்பாலும் போயிருப்பார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 1993-இல் லாட்டரி வருமானத்தைக் கொண்டு ஹோப் உதவித்தொகையைத் தொடங்கியது. பள்ளியில் சராசரியாக 'பி' தரம் எடுத்தால் மாநிலக் கல்லூரிகளில் கட்டணம் இல்லை. கல்லூரிச் சேர்க்கை கூடியது உண்மைதான். ஆனால் பொருளாதார ஆய்வாளர் சூசன் டைனார்ஸ்கி ஆராய்ந்தபோது, பலன் வசதியான குடும்பங்கள் பக்கமே சாய்ந்திருந்தது, வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான சேர்க்கை இடைவெளி அகன்றிருந்தது. தொடக்க வருடங்களில், ஏழை மாணவர்களுக்கான மத்திய அரசின் பெல் உதவி யாருக்கு வந்ததோ அவருக்கு அந்த அளவைக் கழித்துக்கொண்டே ஹோப் தொகையைக் கொடுத்தார்கள். வசதி உள்ளவருக்கு முழுத் தொகை, இல்லாதவருக்கு மிச்சம்.

இதற்கு இன்னொரு மறைவான செலவும் உண்டு. உதவித்தொகையைத் தக்கவைக்க ஒவ்வொரு வருடமும் மதிப்பெண் காட்ட வேண்டும் என்றால், மாணவர்கள் மதிப்பெண்ணைக் காப்பாற்றப் பழகுவார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஹோப் வந்த பிறகு, ஒரு பருவத்தில் முழுப் பாடச்சுமை எடுப்பது குறைந்தது, நடுவில் பாடத்தைக் கைவிடுவது கூடியது, சில பாடங்களைக் கோடை வகுப்புக்குத் தள்ளுவதும் கூடியது என்று கார்ன்வெல், லீ, மஸ்டர்ட் மூவரும் கண்டறிந்தார்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆடம்ஸ் உதவித்தொகை இதைவிட வருத்தமான பாடம். நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு மாநிலப் பொதுக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் விலக்கு. ஆனால் அப்போது அங்கே கல்விக் கட்டணத்தைவிட மற்ற கட்டணங்களே பல மடங்கு இருந்தன. பெயருக்கு இலவசம், உண்மையில் சிறிய தள்ளுபடி. அந்தத் தள்ளுபடிக்காகச் சில மாணவர்கள் தங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய இன்னும் நல்ல கல்லூரியை விட்டுவிட்டு வந்தார்கள். அதனால் அவர்களில் பட்டம் முடித்தவர்களின் விகிதமே குறைந்தது என்று கோஹோட்ஸும் குட்மேனும் 2014-இல் எழுதினார்கள். உதவி செய்யப் போய்ப் பாதையை மாற்றிவிட்டார்கள்.

அப்படியானால் மதிப்பெண் நிபந்தனையே கூடாதா? எட்டக்கூடிய உயரத்தில் வைத்து, பணம் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் கொடுத்தால் அது வேலை செய்கிறது. நியூ ஆர்லியன்ஸ் பகுதியில், இரண்டு வருடப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரிகள் இரண்டில், பெரும்பாலும் குழந்தை வைத்திருக்கும் ஏழைத் தாய்மார்களுக்கு ஒரு பருவத்துக்கு 1,000 டாலர் என்று இரண்டு பருவங்களுக்குக் கொடுத்தார்கள். சேர்ந்ததும் 250, நடுத்தேர்வு வரை தொடர்ந்தால் 250, 'சி' சராசரியோடு பருவத்தை முடித்தால் 500. முதலிடம் எடுக்கச் சொல்லவில்லை, தொடர்ந்து வரச் சொன்னார்கள், அவ்வளவுதான். சீட்டு விழாத குழுவைவிட அவர்கள் அதிகப் பாடங்களில் தேறினார்கள்.

எப்போது இது சரி: ஒரு பாடத்தையோ ஒரு கலையையோ வளர்ப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால். யாரும் எடுக்கத் தயங்கும் ஒரு துறைக்குக் கவனம் வர வேண்டும் என்றால். ஏழை மாணவரைப் படிக்க வைப்பது நோக்கம் என்றால், இந்த வழியைத் தனியாக எடுக்காதீர்கள்.

## இரண்டாவது வழி: தேவையைப் பார்த்துக் கொடுக்கும் உதவித்தொகை

இதற்குச் சான்று பலமானது. அமெரிக்காவில் ஒரு காலத்தில், இறந்துபோன அல்லது ஊனமுற்ற தொழிலாளியின் பிள்ளை கல்லூரியில் படித்தால் சமூகப் பாதுகாப்பு நிதியிலிருந்து மாதாமாதம் பணம் வரும். 1980-களின் தொடக்கத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்துவதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று டைனார்ஸ்கி பார்த்தார். தந்தையை இழந்த பிள்ளைகளிடையே கல்லூரிக்குப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டார்கள். பணம் ஒரு தடையே இல்லை, ஆர்வம் இருந்தால் எப்படியும் படித்துவிடுவார்கள் என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த ஆய்வைத்தான்.

தனியார் கொடைக்கு விஸ்கான்சின் நல்ல உதாரணம். ஜான் மோர்கிரிட்ஜ், தாஷியா மோர்கிரிட்ஜ் தம்பதி கொடுத்த 17.5 கோடி டாலரை வைத்து ஒரு நிதி அமைந்தது. 2008 முதல், பெல் உதவி பெறும் மாணவர்களில் குலுக்கிப் போட்டு, மாநிலப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்கு வருடம் 3,500 டாலர் கொடுத்தார்கள். முதல் தொகுதியில் நான்கு வருடத்தில் பட்டம் முடித்தவர்கள், சீட்டு விழாதவர்களில் 16 சதவீதம், விழுந்தவர்களில் 21 சதவீதம் என்று சாரா கோல்ட்ரிக்-ராப் குழு கண்டது. 5 புள்ளி சின்னதாகத் தெரியலாம். நூறு பேரில் ஐந்து பேருக்கு வாழ்க்கை வேறாகிறது என்று படித்துப் பாருங்கள்.

மறைவான செலவு இங்கே மூன்று இடத்தில் ஒளிந்திருக்கிறது.

ஒன்று, இடப்பெயர்ச்சி. வெளியிலிருந்து உதவித்தொகை வந்தால், சில கல்லூரிகள் தாங்கள் கொடுக்கவிருந்த உதவியை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளும். விஸ்கான்சினிலும் சிலருக்கு மற்ற உதவியோ கடன் வரம்போ குறைந்ததால் 3,500 டாலர் முழுவதும் கூடுதலாகக் கைக்கு வரவில்லை. மேரிலாந்து மாநிலம் 2017-இல் பொதுக் கல்லூரிகளில் இப்படிக் குறைப்பதைக் கட்டுப்படுத்திச் சட்டமே போட்டது. நீங்கள் கொடுப்பதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த மாணவருக்கு நாங்கள் கொடுத்தால், நீங்கள் கொடுக்கும் சலுகை எதுவும் போய்விடுமா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் உங்கள் பணம் மாணவருக்குப் போகாமல் கல்லூரியின் வரவு செலவுக்குள் போய்விடும்.

இரண்டு, தேவையை நிரூபிக்க வைக்கும் செலவு. வருமானச் சான்று, தந்தை இல்லை என்பதற்குச் சான்று, அதற்கு மேல் "உன் கஷ்டத்தை இரண்டு பக்கத்தில் எழுது" என்று ஒரு கட்டுரை. ஒரு குழுவில் நான் இருந்தபோது அப்படிப்பட்ட கட்டுரைகளைக் கட்டுக்கட்டாகப் படித்தேன். நன்றாக எழுதத் தெரிந்தவர்களின் கஷ்டம் பெரிதாகத் தெரிந்தது. எழுத வராதவர்கள் நான்கு வரியில் முடித்திருந்தார்கள். அந்த நான்கு வரிக்காரர்களில் எத்தனை பேரை நாங்கள் தவறாக ஒதுக்கினோமோ என்று இப்போதும் மனசு உறுத்துகிறது. அரசோ கல்லூரியோ ஏற்கெனவே ஒருவரை ஏழை என்று சான்றளித்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், மறுபடி நிரூபிக்க வைக்காதீர்கள். அதற்குப் பிறகும் ஆள் அதிகம் என்றால் குலுக்கிப் போடுங்கள். குலுக்கல் அநியாயம் போலத் தோன்றும். ஆனால் யாரையும் அழ வைத்துத் தேர்ந்தெடுப்பதைவிட அது மரியாதையானது.

மூன்று, உறுதியின்மை. நான் பெரிதாக நினைப்பது இதைத்தான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனையைக் கேளுங்கள். 2015-இல் தொடங்கிய ஹெயில் என்ற திட்டத்தில், நன்றாகப் படிக்கும் ஏழைக் குடும்பத்துப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு கடிதக் கட்டு அனுப்பினார்கள். "நீங்கள் விண்ணப்பித்து இடம் கிடைத்தால் நான்கு வருடமும் கல்விக் கட்டணம் கிடையாது, வேறு படிவம் எதுவும் வேண்டாம்" என்று அதில் இருந்தது. அந்த மாணவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சலுகை எப்படியும் கிடைத்திருக்கும். புதிதாகக் கிடைத்தது வாக்குறுதி மட்டும். கடிதம் வந்தவர்களில் 68 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள், வராதவர்களில் 26 சதவீதம். சேர்ந்தவர்கள் 27 சதவீதம், 12 சதவீதம். ஒரு வருடம் கொடுத்துவிட்டு "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று சொல்லும் பணத்துக்கு இந்தப் பலம் கிடையாது. அடுத்த வருடத்தை நம்பி ஒரு குடும்பம் முடிவெடுக்க முடியாதல்லவா?

தேதியும் இதே கணக்கில் சேரும். எனக்குத் தெரிந்த ஒரு மாணவிக்கு உதவித்தொகை கிடைத்தது. ஆனால் கட்டணத்தை முதலில் கட்டி, ரசீதைக் காட்டினால்தான் பணம் வரும் என்றார்கள். கட்டுவதற்குப் பணம் இருந்தால் அவர் ஏன் விண்ணப்பிக்கிறார்? வட்டிக்கு வாங்கிக் கட்டினார். வந்த உதவியில் ஒரு பகுதி வட்டிக்கே போனது.

எப்போது இது சரி: உங்கள் தொகை ஒரு மாணவரைப் படிப்பு முடியும் வரை தாங்கும் என்றால். வருடம் நாலு புதியவருக்குக் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பதைவிட, ஒருவரை எடுத்து முதல் நாளே "முடிக்கும் வரை நாங்கள் இருக்கிறோம்" என்று எழுதிக் கொடுப்பது நல்லது.

## மூன்றாவது வழி: வட்டியில்லாக் கடன்

கடன் என்றாலே கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சிலி நாட்டில் ஒரு காலத்தில் நுழைவுத் தேர்வில் 475 மதிப்பெண் எடுத்தால் அரசுக் கல்விக் கடன் கிடைத்தது. அந்தக் கோட்டைச் சற்றே தாண்டியவர்களையும் சற்றே தவறவிட்டவர்களையும் அலெக்ஸ் சோலிஸ் ஒப்பிட்டார். கடன் கிடைத்தவர்களில் கல்லூரி சேர்ந்தோர் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கையில் காசே இல்லாதபோது கடனும் ஒரு கதவுதான்.

ஆனால் அரசு கொடுக்கும் கடனும் ஒரு சின்னக் குழு கொடுக்கும் கடனும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியா 1989-இல் தொடங்கிய ஹெக்ஸ் முறையில், வருமானம் ஒரு அளவைத் தாண்டிய பிறகுதான் திருப்பிக் கட்ட வேண்டும், வசூலிப்பது வரித்துறை. வேலை கிடைக்காதவரை யாரும் துரத்துவதில்லை. உங்கள் குழுவுக்கு வரித்துறை கிடையாது. வசூல் என்றால் யாரோ ஒருவர் போன் போட வேண்டும். படித்த பிள்ளை அந்த போனை எடுக்கத் தயங்கத் தொடங்கும் நாளில், நீங்கள் கட்ட நினைத்த உறவு அறுந்துவிடுகிறது.

பெரிய இடமே இதில் தடுக்கியிருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 1971-இல் ஒரு கடன் முறையைக் கொண்டுவந்தது. வாங்கிய ஒவ்வொரு 1,000 டாலருக்கும் வருட வருமானத்தில் 0.4 சதவீதம் கட்ட வேண்டும், அந்த வருடத்துக் குழு முழுவதின் கடனும் அடையும் வரை. கட்டாதவர்களின் சுமை கட்டுகிறவர்கள் மேல் ஏறியது. நன்றாகச் சம்பாதித்தவர்கள் ஒரு தொகையைக் கட்டி விலகிக்கொள்ளவும் வழி இருந்தது. நடுவில் மாட்டியவர்கள் பல வருடம் கசப்போடு கட்டினார்கள். 1978-இல் புதிதாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

எப்போது இது சரி: வர வேண்டிய உதவி உறுதியாகி, தேதி மட்டும் தள்ளிப்போயிருக்கும்போது. அந்த இரண்டு மூன்று மாத இடைவெளிக்குக் கைமாற்றாகக் கொடுக்கலாம். மேலே சொன்ன மாணவிக்கு இதுதான் தேவையாக இருந்தது. நீண்டகாலக் கடன் என்றால், வங்கி வேலையை வங்கியிடம் விட்டுவிடுங்கள்.

## நான்காவது வழி: அவசர நிதி

படிப்பு நிற்பதற்குக் காரணம் எப்போதும் பெரிய தொகையாக இருப்பதில்லை. விடுதிப் பாக்கி, தேர்வுக் கட்டணம், வீட்டில் ஒரு மருத்துவச் செலவு. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத்திலும் சிறிய பாக்கிக்காக மாணவர்களைப் பெயர் நீக்கிக்கொண்டிருந்தது. 2011-இல் அதுவே ஒரு நிதி தொடங்கியது. மாணவர் விண்ணப்பிக்கவே வேண்டாம். யார் படிப்பை முடிக்கும் தறுவாயில் பாக்கியோடு நிற்கிறார்கள் என்று பல்கலைக்கழகமே பதிவேட்டில் பார்த்து அந்தப் பாக்கியைக் கட்டிவிடும். சராசரியாக 900 டாலர் அளவில், அதிகபட்சம் 2,500.

சின்னத் தொகை, நிறையப் பேருக்கு எட்டும். குறை என்னவென்றால், கடைசி வருடத்தில் இருப்பவர் எப்படியாவது புரட்டிக் கட்டியிருக்கவும் கூடும். அதோடு, உள்ளே இருந்து பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் இது நடக்காது. அந்த ஆள் வழக்கமாக ஒரு ஆசிரியர்.

எப்போது இது சரி: ஒரே கல்லூரியோடு உங்களுக்கு நெருக்கம் இருந்தால், முடிவெடுக்க மூன்று நாளுக்கு மேல் ஆகாது என்று உங்களால் சொல்ல முடிந்தால்.

## ஐந்தாவது வழி: பணத்தோடு ஒரு ஆள்

இது பலருக்கும் தோன்றாத வழி. தோன்றினாலும் "ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதா? அந்தப் பணத்தை மாணவருக்கே கொடுக்கலாமே" என்று தள்ளிவிடுவார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் வாதாடினேன். இப்போது என் எண்ணம் மாறிவிட்டது.

2008-இல் ஒஹாயோவிலும் வட கரோலினாவிலும் ஒரு சோதனை நடந்தது. அமெரிக்காவில் அரசு உதவி வேண்டுமென்றால் அப்போது நூறு கேள்விக்கு மேல் உள்ள ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். வருமான வரிக் கணக்குப் போட ஹெச் அண்ட் ஆர் பிளாக் அலுவலகத்துக்கு வந்த எளிய குடும்பங்களில் சிலருக்கு, அங்கேயே உட்கார வைத்து அந்தப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தார்கள். பத்து நிமிட வேலை. இன்னொரு குழுவுக்கு, எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற கணக்கை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். கூட இருந்து நிரப்பிக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளில், அடுத்த மூன்று வருடத்துக்குள் இரண்டு வருடப் படிப்பைக் கடந்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமானார்கள். தகவல் மட்டும் பெற்றவர்களிடம் மாற்றமே இல்லை.

இந்த வேறுபாடு திரும்பத் திரும்ப வருகிறது. குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பி நினைவூட்டினால் போதும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. சின்ன அளவில் பலித்ததும் உண்டு. எட்டு லட்சம் மாணவர்களுக்கு மேல் அப்படி அனுப்பிப் பார்த்த பெரிய சோதனையில் சேர்க்கை கூடவில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் பல்கலைக்கழக மாணவர்களையே வாரந்தோறும் பள்ளிக்கு அனுப்பி, பிளஸ் டூ வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து விண்ணப்பங்களை முடிக்க வைத்தார்கள். அங்கே மாற்றம் தெரிந்தது, பெண்களிடம் மட்டும். கனடாவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் பணத்தோடு பாட உதவியையும் சேர்த்துக் கொடுத்தபோதும் மாணவிகள்தான் முன்னேறினார்கள், மாணவர்களிடம் அசைவில்லை. பையன்களை எட்டுவதற்கு வேறு என்ன செய்வது என்பதை உங்கள் குழு தனியாக யோசிக்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றிலும் என்னை மாற்றியது நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் 'ஏசாப்' திட்டம். 2007-இல் தொடங்கியது. சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கு, மற்ற உதவி போகக் கட்டணத்தில் மிஞ்சிய தொகை, பாடப்புத்தகம், பஸ் ரயிலுக்கான அட்டை, இவற்றோடு ஒரு ஆலோசகர். வழக்கமாக அங்கே ஒரு ஆலோசகருக்கு 600 முதல் 1,500 மாணவர்கள். ஏசாப்பில் 60 முதல் 80 பேர்தான். மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும், ஆலோசகரை அடிக்கடி பார்க்க வேண்டும். குலுக்கல் முறையில் சோதித்தபோது மூன்று வருடத்தில் பட்டம் முடித்தவர்கள் 40 சதவீதம், திட்டத்தில் இல்லாதவர்கள் 22 சதவீதம். ஒரு மாணவருக்கு மூன்று வருடத்தில் சுமார் 16,300 டாலர் கூடுதல் செலவு. ஆனால் முடித்தவர்கள் அவ்வளவு கூடியதால், ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்தது. பிறகு ஒஹாயோவில் மூன்று கல்லூரிகளில் செய்தபோதும் பட்டம் முடித்தவர்கள் ஏறக்குறைய இரட்டிப்பானார்கள்.

இதன் மறைவான செலவைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பல இடங்களில் சம்பளம் கொடுத்து ஆள் வைக்காமல், "ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். எந்த ஆசிரியர்? மறுக்கத் தெரியாதவர். மாணவி அழுதுகொண்டு வந்தால் கதவைச் சாத்த முடியாதவர். பதவி உயர்வுக்குக் கணக்கில் வராத வேலைகளைச் செய்யச் சொல்லிப் பெண்களிடமே அதிகம் கேட்கிறார்கள், கேட்டால் அவர்களே அதிகம் ஒப்புக்கொள்கிறார்கள் என்று 2017-இல் பாப்காக், வெஸ்டர்லண்ட் முதலானோர் சோதனை செய்து காட்டினார்கள். சிறுபான்மைச் சமூகத்திலிருந்து வந்த ஆசிரியர் மேல் அந்தச் சமூகத்து மாணவர்கள் எல்லோரையும் கவனிக்கும் பொறுப்பு தானாக வந்து ஏறுவதை, அமடோ படியா 1994-இலேயே 'பண்பாட்டு வரி' என்று பெயரிட்டு எழுதினார். அப்படிச் சுமந்த ஒருவரின் ஆராய்ச்சிக் கட்டுரை ஒரு வருடம் தள்ளிப்போகும், பதவி உயர்வு இரண்டு வருடம். உங்கள் நிதியின் கணக்கேட்டில் அந்த வருடங்கள் எங்கேயும் தெரியாது. இந்த வழியை எடுத்தால், அந்த ஆசிரியரின் மணி நேரத்துக்குப் பணம் ஒதுக்குங்கள், அல்லது அவருக்கு ஒரு வகுப்பைக் குறைக்கச் சொல்லிக் கல்லூரியிடம் பேசுங்கள்.

எப்போது இது சரி: நீங்கள் எட்ட நினைப்பது வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளை என்றால். அரசு உதவி நிறைய இருந்தும் அதை வாங்கத் தெரியாத இடம் என்றால், உங்கள் சின்னத் தொகை இங்கேதான் பலமடங்காகும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? | முடிக்க உதவுமா? | மறைவான செலவு | நடத்துவது |
|---|---|---|---|---|
| மதிப்பெண் பரிசு | பெரும்பாலும் படித்திருப்பார் | சில சமயம் குறைக்கும் | பாதை மாறுதல், மதிப்பெண் பயம் | மிகச் சுலபம் |
| தேவைக்கேற்ற உதவி | பலர் சேர்ந்திருக்க மாட்டார்கள் | ஓரளவு உதவும் | கல்லூரிச் சலுகை குறைவது, சான்றிதழ் அலைச்சல் | நடுத்தரம் |
| வட்டியில்லாக் கடன் | இடைவெளிக் காலத்தில் நின்றிருப்பார் | குறுகிய காலத்துக்கு மட்டும் | வசூல், உறவு முறிவு | கடினம் |
| அவசர நிதி | சிலர் நின்றிருப்பார்கள் | கடைசிக் கட்டத்தில் உதவும் | உள்ளே ஒரு ஆள் தேவை | வேகம் வேண்டும் |
| பணத்தோடு ஆள் | பலர் பாதியில் விட்டிருப்பார்கள் | அதிகம் உதவும் | ஆசிரியரின் நேரம் | கடினம், தொடர் கவனம் |

## உங்கள் நிலைக்கு எது

தொகை ஒரே ஒரு மாணவருக்குத்தான் காணும் என்றால், இரண்டாவது வழி. ஒருவர், முழுப் படிப்பு, எழுத்தில் வாக்குறுதி. கூடவே உங்களில் ஒருவர் மாதம் ஒரு முறை அந்த மாணவரிடம் பேசுவதாகப் பொறுப்பேற்றால், ஐந்தாவது வழியின் ஒரு பங்கு செலவில்லாமல் கிடைக்கும். பேச்சு மதிப்பெண்ணில் தொடங்க வேண்டாம். "இந்த மாதம் ஏதாவது கட்ட வேண்டியது இருக்கிறதா?" என்று தொடங்கட்டும்.

பழைய மாணவர் சங்கம், ஒரே கல்லூரி, வருடாவருடம் கொஞ்சம் பணம் வரும் என்றால் அவசர நிதியில் தொடங்குங்கள். இரண்டு வருடம் நடத்தினால், யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பெரிய திட்டம் போடலாம்.

தொகை பெரிது, இருபது முப்பது பேரை எடுக்கலாம் என்றால், எண்ணிக்கையைக் குறைத்து ஒரு ஆலோசகரை வையுங்கள். முப்பது பேருக்குப் பணம் கொடுத்துப் பத்துப் பேர் முடிப்பதைவிட, இருபது பேருக்குக் கொடுத்துப் பதினைந்து பேர் முடிப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். இதில் குழுவில் எதிர்ப்பு வரும். "பத்துப் பேரைக் கைவிடுகிறோமே" என்பார்கள். வலிக்கிற கேள்விதான், அதைத் தவிர்க்க முடியாது. பாதியில் நின்ற இருபது பேரையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்குமோ ஒரு பள்ளியின் பிள்ளைகள் எல்லோருக்குமோ வாக்குக் கொடுக்கும் அளவுக்கு வசதி இருந்தால், மிச்சிகனின் கலமசூ நகரத்தைப் படித்துப் பாருங்கள். பெயர் சொல்லாத கொடையாளர்கள் 2005-இல் அந்த நகரப் பொதுப்பள்ளிகளில் படித்து முடிக்கும் எல்லோருக்கும் கல்லூரிக் கட்டணத்தை ஏற்பதாக அறிவித்தார்கள். பள்ளியில் எத்தனை வருடம் படித்தார் என்பதைப் பொறுத்து 65 சதவீதத்திலிருந்து முழுக் கட்டணம் வரை. வருமானச் சான்று இல்லை, மதிப்பெண் நிபந்தனை இல்லை. பட்டமோ சான்றிதழோ பெற்றவர்கள் குறிப்பிடத்தக்க அளவு கூடினார்கள்.

எந்த வழியை எடுத்தாலும், அறிவிப்பை எழுதும் முன் கல்லூரியில் கட்டணம் கட்டக் கடைசித் தேதி என்ன என்று கேட்டு, முதல் தவணையை அதற்கு இரண்டு வாரம் முன்னால் போடுங்கள். கடிதத்தில் தொகையையும், எத்தனை வருடம் என்பதையும், என்ன நடந்தால் நிற்கும் என்பதையும் எழுதுங்கள். ஒரு பருவத்தில் தவறினால் உடனே நிறுத்திவிடாமல், ஒரு பருவம் அவகாசம் என்று அதிலேயே ஒரு வரி சேருங்கள். அந்தக் கடிதத்தை மாணவருக்கு மட்டும் அனுப்பாமல் பெற்றோரின் கையிலும் ஒரு பிரதி கொடுங்கள், அவர்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் யாராவது உட்கார்ந்து படித்துக் காட்டட்டும்.